ஏழு நாள் காலியாகக் கிடந்த ரோடு

செஞ்சி கடைத்தெருவில் அரசாங்கத்தை யாரும் நம்பியதில்லை. எங்கள் வீட்டில் இன்னும் ஒருபடி மேலே போய்த் தபால்காரரையும் நம்பமாட்டோம். கடிதம் வந்தால் உறையை வெயிலில் தூக்கிப் பிடித்து, யாராவது பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் நைனா அதைக் கிழிப்பார். அவருக்கு வரும் கடிதங்களில் திருட்டுத்தனமாகப் படிக்க ஒன்றுமே இருக்காது என்பது வேறு விஷயம்.

அறுபதுகளில் ரோட்டோரத்து மைல்கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்டார்கள். திண்டிவனத்துக்குப் பதினேழு என்று இருந்தது இருபத்தெட்டாகிவிட்டது. நைனா அந்தக் கல்லை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஊரு அங்கியேதான் இருக்குது. தூரத்த மட்டும் ஏத்திட்டான் பாத்தியா" என்றார். நான் கிலோமீட்டர் என்றால் என்ன என்று அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அப்ப எதுக்கு மாத்தினான்?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வி வந்தால் எனக்கும் சந்தேகம் வந்துவிடும். அப்பனுக்குத் தப்பாத மகள் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் கடையில் கயிறு, ஆணி, கடப்பாரை, லாந்தர் கண்ணாடி எல்லாம் கிடைக்கும். பட்டாப்படி பார்த்தால் கடை வாசற்படியோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் ரோடு. அந்த ரோட்டின் மேல் கீற்றுப் பந்தல் இறக்கி, அதன் கீழே கயிற்றுச் சுருளை மலையாகக் குவித்து வைத்திருந்தோம். எங்கள் வியாபாரத்தில் பாதி அந்தப் பந்தலுக்கடியில்தான் நடந்தது. தெருவில் எல்லாக் கடைகளுக்கும் இதே கதை. எதிரெதிர்ப் பந்தல்கள் நடுவே முட்டிக்கொள்ளாமல் இருந்ததே பெரிய விஷயம். பஸ் வந்தால் டிரைவர் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து, பந்தல்கால்களைத் திட்டிக்கொண்டே ஓட்டுவார்.

நான் அப்போது டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாசி மாதக் கடைசியில் ஒரு உத்தரவு வந்தது. வல்லத்துக்கு அந்தப் பக்கம் உள்ரோட்டில் இருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. கோடை லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாளில் போய்ச் சேர வேண்டும். நைனா வழக்கம்போல உறையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கிழித்தார். என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது ஒரு நிபந்தனை.

"காலைல போய்ட்டு பொழுதோட வூட்டுக்கு வர்றதுன்னா போ. அங்கியே தங்கறதுன்னா வேணாம்."

அதில்தான் சிக்கல். அந்த ஊருக்கு முதல் பஸ்ஸே பதினொரு மணிக்குத்தான். பள்ளிக்கூடம் பாதி முடிந்திருக்கும். காலையில் அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் லாரியில் மணிலா மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து போவார்கள். மணிலா என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சரக்கு லாரியில் ஆள் ஏற்றக் கூடாது என்று போலீஸ் பிடிப்பார்கள். பிடித்தால் இறங்கி நடந்துவிட்டு, வளைவு தாண்டி அதே லாரியில் மறுபடி ஏறிக்கொள்வார்கள். புடவை கட்டிய வாத்தியாரம்மா அப்படிப் போக முடியாது. ஆனால் ஊரில் ஒரு பஸ் முதலாளி, காலை ஏழரை மணிக்கு அந்த ரோட்டில் ஒரு டிரிப் விட அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தார். பள்ளி திறப்பதற்குள் வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அந்த ஒரு பஸ்ஸைத்தான் நம்பி இருந்தேன். என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாமல் நம்பியது அது ஒன்றைத்தான்.

பங்குனி பிறந்தது. கிணற்றுப் பாசன மணிலா அறுவடை. மண்டிக்கு விடிந்ததிலிருந்து வண்டி வண்டியாக மூட்டை வரும் காலம். அப்போதுதான் என் அண்ணனுக்கு ஏழு நாள் வேலை ஒன்று கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுக் கடையில் அரைமனதாக ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் அவன். கடைத்தெரு முடிந்து உள்ரோடு பிரியும் முனையில், புளியமரத்தடியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை எண்ண வேண்டும். அவ்வளவுதான் வேலை. பஸ்ஸுக்கு ஒரு கட்டம், லாரிக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. நாலு கோடு நின்றால் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும்.

"எதுக்கு எண்றாங்க?" என்று நைனா கேட்டார்.

"தெர்ல நைனா. ரோடு ஓவர்சியரு எண்ணச் சொன்னாரு."

"எதுக்குன்னு கேக்காம வேலைக்கு ஒத்துக்கினியா?"

அண்ணன் எதற்குமே எதற்கு என்று கேட்காதவன். எங்கள் வீட்டில் எப்படி அப்படி ஒருவன் பிறந்தான் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவன் கொண்டுவந்த படிவத்தை நைனா என்னிடம் நீட்டினார். "நீ படிச்சவ. இதுல இன்னா சூது இருக்குதுன்னு பாரு" என்றார்.

நான் பார்த்தேன். சூது இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த காகிதத்தில் சூதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? படிவத்தின் தலையில் 'சாலையின் அகலம்' என்று ஒரு வரி இருந்தது. கீழே மாட்டுவண்டிக்கு மட்டும் இரண்டு கட்டங்கள் இருந்தன. ரப்பர் சக்கரத்துக்கு ஒன்று, இரும்புப் பட்டைச் சக்கரத்துக்கு ஒன்று. எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன்.

"நைனா, ரோட்ட அகலப்படுத்தப் போறாங்க. கூட்டம் அதிகம்னு கணக்கு காட்டணும், அதுக்குத்தான் எண்றது. அப்புறம் கடைத்தெரு பந்தலு ஒண்ணும் நிக்காது. இரும்புச் சக்கரத்த எதுக்குத் தனியா எண்றாங்க? தார் ரோட்ட ஒடைக்குதுன்னு சொல்லி அந்த வண்டிங்கள ரோட்லயே வுட மாட்டாங்க."

இதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். டிரெயினிங்கில்கூட யாரும் என்னை அப்படி வாய் பிளந்து கேட்டதில்லை. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பக்கத்துப் பாத்திரக் கடை, எதிர்க் கடை, மண்டிகள் என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கடைத்தெரு முழுக்க விஷயம் போய்விட்டது. நான் சொன்னதைவிட நாலு மடங்கு பெரிதாகிப் போயிருந்தது. எதிர்க் கடைக்காரர் தன் கடை பாதியாக வெட்டப்படும் என்று அளவே சொன்னார்.

முடிவு எடுக்க அதிக நேரமாகவில்லை. ஏழு நாள் யாரும் அந்த முனை வழியாக வரக்கூடாது. மண்டிக்காரர்கள் ஆளனுப்பிக் கிராமங்களில் சொன்னார்கள். இரும்புப் பட்டை வண்டி வைத்திருந்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏரிக்கரை மேல் ஒரு பழைய வண்டித்தடம் இருந்தது. சுற்று, ஆனால் முனையைத் தொடாமல் ஊருக்குள் வந்துவிடலாம். எல்லா வண்டியும் அதில் திரும்பிவிட்டது. தைரியமாக ரோட்டில் போனது பதினொரு மணி பஸ்ஸும் வெளியூர் லாரி ஒன்றிரண்டும்தான்.

அண்ணனிடம் மட்டும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஓவர்சியரிடம் உளறிவிடுவான் என்று நான்தான் சொன்னேன். கூடப் பிறந்தவனை நம்பவில்லை. அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது, இப்போது நினைத்தால் கூசுகிறது.

பாவம், அவன் காலையில் போய்ச் சப்பணம் போட்டு உட்காருவான். பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்துக்கொள்வான். ரோடு சுடுகாடு மாதிரி கிடக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் வந்து என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டான். "ஒருத்தரு சைக்கிள தோள் மேல தூக்கிக்கினு வரப்புல போறாரு பாப்பா. அத சைக்கிள்னு எழுதறதா, நடந்து போறவருன்னு எழுதறதா?"

"ரோட்லயா போனாரு?"

"இல்ல. ரோட்ட வுட்டு எறங்கி."

"அப்ப எழுதாத."

எழுதாமல் விட்டுவிட்டான். அன்று நானும் அம்மாவும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

நாலாம் நாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். உண்மையில் சாப்பாடு ஒரு சாக்கு. ரோடு ஒழுங்காகக் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் ஓவர்சியரும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வெயிலில் கறுத்த, மெலிந்த மனிதர். தூக்குவாளியைத் திறந்து நான் கொடுத்த மோரை நின்றபடியே குடித்தார். நன்றி சொன்னார். ஒரு அரசாங்க ஆள் மரியாதையாகப் பேசினால் எனக்கு உடனே உஷாராகிவிடும்.

"ஏம்மா, இந்த ரோடு எப்பவும் இப்டிதான் காலியா இருக்குமா?"

"தெரியாதுங்க."

"அறுவடை நேரத்துல இப்டி இருக்காதே. வண்டி வரணும்மா. நாலு வண்டி வந்தாத்தான மேல எதுனா எழுத முடியும். உங்களுக்குத்தான நல்லது."

"எங்க ஊர்ல வண்டியே கம்மிங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஏரிக்கரைப் பக்கம் பார்த்தார். கரைமேல் தூசி எழும்பிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பயந்தேன். ஆனால் அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அண்ணன் பார்த்ததைத்தான் அண்ணன் எழுத முடியும், அண்ணன் எழுதியதில்தான் அவர் கையெழுத்துப் போட முடியும் என்று இப்போது புரிகிறது. அன்று எனக்குப் புரிந்தது வேறு. கூட்டம் வேண்டும் என்று வாய்விட்டே கேட்கிறான், நமக்கு நல்லது என்று ஆசை வேறு காட்டுகிறான், அப்படியானால் நாம் நினைத்தது நூற்றுக்கு நூறு சரி. ஓட்டமாக வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். மிச்சமிருந்த மூன்று நாள் ஊரில் சைக்கிள்கூட நகரவில்லை.

ஏழு நாள் முடிந்தது. எட்டாம் நாள் காலையில் அந்த முனையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடைத்துக்கொண்டு நின்றன. பந்தல்களை யாரும் தொடவில்லை. எதிர்க் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு ஒரு பொட்டலம் காராபூந்தி கொடுத்தனுப்பினார், படித்த பெண்ணுக்கு என்று சொல்லி. நான் அதை ஒருத்தியே தின்றேன்.

வைகாசியில் ஒரு நாள் பஸ் முதலாளியின் குமாஸ்தா கடைக்கு வந்தார். பஸ் கூரையில் மூட்டை கட்டக் கயிறு வேண்டுமாம். நான் உள்ளே ஆணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். நைனாதான் கேட்டார், காலை பஸ் எப்போது வருகிறது என்று.

"எங்க வருது மொதலாளி? மனுவ தள்ளிட்டாங்க. பஸ் வேணுமா வேணாமான்னு பாக்கத்தான் அந்த ரோட்ல ஆளு போட்டு எண்ணினாங்க. எண்ணிப் பாத்தா ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல. ஆளே போகாத ரோட்டுக்கு எதுக்குய்யா பஸ்ஸுன்னு கேட்டு எழுதிட்டாங்க."

என் கையிலிருந்த பொட்டலம் அவிழ்ந்து ஆணியெல்லாம் தரையில் சிதறியது. சாலையின் அகலம், இரும்புச் சக்கரம் எல்லாம் எந்த ஊருக்கும் எந்த ரோட்டுக்கும் அச்சடிக்கிற அதே படிவம். அதில் எங்கள் பந்தலைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. ஓவர்சியர் சொன்னதுதான் உண்மை. ஊர் பூராவையும் ஏரிக்கரை மேல் ஏற்றி, என் பஸ்ஸை நானே திருப்பி அனுப்பிவிட்டேன்.

குமாஸ்தா கயிற்றை அளந்து வாங்கிக்கொண்டு போனார். நைனா காசைக் கல்லாவில் போட்டு மூடினார். நான் பயந்தேன், என்னைத் திட்டப்போகிறார் என்று. அவர் திரும்பி அண்ணனைக் கூப்பிட்டார்.

"வேற பஸ்காரன் எவன்கிட்டடா கைநீட்டின?"

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா நைனா?"

"ரோட்ல வண்டியே இல்லன்னு எழுதிக் குடுத்தியே. எவன் சொல்லி எழுதின? கூடப் பொறந்தவ வேலைக்கு உலை வச்சிட்டியே!"

"வண்டி வரல, நான் எழுதல. வந்திருந்தா எழுதியிருப்பேன்" என்றான் அண்ணன். அவன் குரல் உயரவே இல்லை. அதுவே நைனாவுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தைத் தப்பாகப் படித்தது நான், வண்டியைத் திருப்பச் சொன்னது நான், ஓவர்சியர் நேரிலேயே சொல்லியும் நம்பாதது நான். அழுகையும் வந்துவிட்டது. நைனா முழுக்கக் கேட்டார். அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இப்டி சொல்லச் சொல்லி அவன் சொல்லிக் குடுத்தானா?"

"இல்ல நைனா! நீதான கடை கடையா ஏறிப் போய்ச் சொன்ன?"

"அது பந்தல இடிக்கறதுக்கு. இது பஸ்ஸு. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்? மாட்டுவண்டிய எண்ணினா பஸ் வருமா? யாருகிட்ட கத வுடற?"

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும், சொன்ன ஒவ்வொன்றும் அண்ணனுக்கு எதிரான சாட்சியாகவே மாறியது. அம்மா சொல்லிப் பார்த்தாள். உனக்குப் பையன் என்றால் கண் தெரியாது என்று அவளை அடக்கிவிட்டார். ஏரிக்கரையில் வண்டியைத் திருப்பிய மண்டிக்காரர்களே, "இருக்கும் இருக்கும், பையன் எதுனா வாங்கித்தான் இருப்பான்" என்று பேசிக்கொண்டார்கள். காராபூந்தி கொடுத்தனுப்பியவரும் அப்படித்தான் பேசினார். ஒருவருக்கும் தான் செய்தது நினைவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாக நினைவிருந்தது. பந்தலைக் காப்பாற்றியதாக நினைவிருந்தது.

அண்ணன் அதன் பிறகு கடையில் உட்காரவில்லை. திண்டிவனத்தில் ஒரு அரிசி மில்லில் வேலை தேடிக்கொண்டான். போகும்போது என்னிடம், "நீ சொன்னத நான் நம்பறேன் பாப்பா" என்றான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. கடைசி முயற்சியாக நைனாவிடம் கேட்டேன், அந்த ஊரிலேயே தலைமையாசிரியர் வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று. தலைமையாசிரியரின் மனைவியே சம்மதித்துக் கடிதம் எழுதியிருந்தார். நைனா அந்தக் கடிதத்தை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்க்கக்கூட இல்லை.

"பஸ்ஸையே வரவுடாம பண்றவனுங்க இருக்கற பக்கம். உன்ன அங்க தனியா வுடுவனா?"

எந்த எதிரியும் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஒருத்திதான் எதிரி. அதைத்தான் சொல்லியாகிவிட்டதே, யார் நம்பினார்கள்?

வேலையில் சேர இயலவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நைனா எதிரில் உட்கார்ந்துகொண்டார். போக்குவரத்து வசதி இல்லாத காரணத்தால் என்று நான் எழுதினேன். உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் ஒரு வரி சேரு. வண்டிய பொய்யா எண்ணி எங்க ஊர ஏமாத்திட்டாங்கன்னு எழுது" என்றார்.

அண்ணன் பெயரை எழுதச் சொல்லவில்லை, அந்த மட்டும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வரியைச் சேர்த்தேன். அடியில் என் கையெழுத்தைப் போட்டு, மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.